எந்த ஊர்க் கடல் அது?

முதல்லயே ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் ரெண்டு பக்கத்துக்கு மேல கடைசியா எழுதினது பன்னிரண்டாவது பொதுத்தேர்வுல. அதனால பிழை இருந்தா எடிட்டர் குழுவைத் திட்டாதீங்க, என்னைத் திட்டுங்க.

"ஆர் லேப்ல படிச்சது எதுக்காவது யூஸ் ஆச்சா?"ன்னு ஜூனியர் ஒருத்தி கேட்டா. ஆச்சு. எங்க வீட்டுல ஒரு போட்டு வாங்குறதா வேணாமான்னு முடிவு பண்ண யூஸ் ஆச்சு. நல்லா யூஸ் ஆச்சான்னு கேட்டா, கடைசி வரைக்கும் படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்க வீடு காசிமேடு. நைனா லாஞ்சுல வேலை செய்யறார். லாஞ்சுன்னா விசைப்படகு. ஒரு தடவை கிளம்பினா ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுதான் கரைக்கு வருவார். முதலாளிக்குப் போக மிச்சத்துல பங்கு. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்னாடி 45 நாளாதான் இருந்துச்சு. அந்த ரெண்டு மாசம் நைனா வலை பின்னுவார், அடுத்தவங்க போட்டுக்குப் பெயின்ட் அடிப்பார், டிவி பார்ப்பார், அம்மாகிட்ட திட்டு வாங்குவார்.

2024 தடைக்காலத்துல அவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய ஃபைபர் போட்டை இன்ஜினோட விக்கறதா சொன்னார். விலை ரெண்டரை லட்சம். கரையோரமா போற சின்ன போட்டுக்குத் தடைக்காலம் கிடையாது. காலைல போய் மதியம் வீட்டுக்கு வந்துடலாம். நைனாவுக்கு முட்டி வலி வேற. லாஞ்சுல ஏறி இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தா நமக்கு வலிக்கும்.

அம்மாவோட நகை, மகளிர் குழு, சேமிப்பு எல்லாம் சேர்த்தா ஒன்றரை லட்சம் வரும். மிச்சம் ஒரு லட்சம் தண்டல். தண்டல் தெரியாதவங்களுக்கு: கடன் கொடுத்தவர் தினமும் வந்து வாங்கிட்டுப் போவார். நாளைக்கு 500 ரூபாய், 250 நாள். மொத்தம் ஒண்ணேகால் லட்சம். எல்லாம் போக கையில மிஞ்சறது 10,000 ரூபாய்.

"ஒரு நாளைக்கு சராசரியா எவ்வளோ வரும்?"னு நான் கேட்டேன். "அதெல்லாம் எப்புடி சொல்றது? கடல் குடுக்கறதுதான்"னாரு நைனா. அம்மா எழுந்து போய் ஒரு டைரியை எடுத்துட்டு வந்தாங்க.

என் சித்தப்பா எண்ணூர்ல நெட்டுக்குப்பத்துல இருக்கார். அவர்கிட்ட ஏற்கனவே ஒரு ஃபைபர் போட்டு இருக்கு. அவருக்குக் கணக்கு எழுத வராது. சாயங்காலம் அம்மாவுக்கு போன் பண்ணி, "அண்ணி, இன்னைக்கு இவ்ளோ"ன்னு சொல்வார். அம்மா எட்டாவது வரை படிச்சவங்க. 2023 செப்டம்பர்ல இருந்து ஒரு பழைய டைரியில ஒவ்வொண்ணா எழுதி வச்சிருந்தாங்க. தேதி, டீசல், ஐஸ், ஆள் பங்கு, மீன் வித்த காசு, மிச்சம். அதுவரைக்கும் நான் பார்த்ததுலயே சுத்தமான டேட்டா அதுதான்.

அந்த செமஸ்டர்லதான் எங்களுக்கு ஆர் லேப். ஆர்ங்கறது புள்ளியியலுக்காகவே உருவான கம்ப்யூட்டர் மொழி. நியூசிலாந்துல ஆக்லாந்து பல்கலைக்கழகத்துல ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன்னு ரெண்டு பேர் 1990களின் தொடக்கத்துல உருவாக்கினாங்க. ரெண்டு பேரோட பேருக்கும் இங்கிலீஷ்ல முதல் எழுத்து ஆர். இலவசம். என்னோட செகண்ட் ஹேண்ட் லேப்டாப்லயும் ஓடும்.

ஆர்ல 'சாம்பிள்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ஒரு பட்டியல் கொடுத்து, இதுல இருந்து இத்தனை எடுன்னு சொன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக் கொடுக்கும். லேப்ல காசு சுண்டறது, பகடை உருட்டறதுன்னு இதைப் பண்ணியிருந்தோம். சரி, காசுக்குப் பதிலா கடல்னு நினைச்சேன்.

அன்னைக்கு ராத்திரி டைரியில கடலுக்குப் போன 200 நாளையும் எடுத்து நாலு வகையாப் பிரிச்சேன். முதல் வகை 'வெறும் வலை': டீசல் காசும் வரல, 1,500 நஷ்டம். ரெண்டாவது 'சுமார்': எல்லாம் போக 500 மிச்சம். மூணாவது 'நல்ல பாடு': 2,000. நாலாவதுக்கு நான் வச்ச பேரு 'லாட்டரி': வஞ்சிரமோ இறாலோ மொத்தமா மாட்டி 10,000 வந்த நாள். ஒவ்வொரு நாளும் சரியா இதே தொகை வராது, ஏறக்குறைய ரவுண்ட் பண்ணினேன். தமிழ்நாட்டுல லாட்டரியை 2003லயே தடை பண்ணிட்டாங்க. கடல்ல மட்டும் இன்னும் நடக்குது.

நாலு வகையையும் பட்டியலாக் கொடுத்து, 250 நாள் எடுன்னு சொன்னேன். உடனே எரர். மொத்தம் இருக்கறதே நாலு, அதுல இருந்து 250 எப்படி எடுக்கறதுன்னு கேட்டுச்சு. சாம்பிள் ஃபங்ஷன் நீங்க வேற எதுவும் சொல்லலைன்னா, எடுத்ததைத் திரும்பப் பைக்குள்ள போடாது. ஒருதடவை 'நல்ல பாடு' வந்தா அது தீர்ந்துபோச்சு. கடல் அப்படி இல்ல. நேத்து வெறும் வலை வந்தாலும் இன்னைக்கும் வரலாம். அதனால 'ரீப்ளேஸ்'ங்கறதை ட்ரூன்னு மாத்தணும். மாத்தினேன், ஓடுச்சு.

ரிசல்ட்டைப் பார்த்து எனக்கே தூக்கிவாரிப்போட்டுச்சு. தண்டல் கட்டினது போக 250 நாள்ல அஞ்சரை லட்சம் லாபம். அப்பவே நைனாவை எழுப்பி, ஸ்க்ரீன்ல முதல் பத்து நாளை வாசிச்சுக் காட்டினேன். "லாட்டரி, வெறும் வலை, சுமார், லாட்டரி, நல்ல பாடு, லாட்டரி..."

நைனா தூக்கக் கலக்கத்துலயே சிரிச்சார். "இன்னா பாப்பா, நாலு நாளைக்கு ஒருவாட்டி லாட்டரியா? எந்த ஊர்க் கடல் அது? அட்ரஸ் குடு, நானும் அங்கயே போயி வலை போட்டுக்கறேன்."

அப்பதான் உறைச்சுது. எது எவ்வளவு அடிக்கடி வரும்னு நான் சொல்லவே இல்ல. சொல்லலைன்னா ஆர் எல்லாத்துக்கும் சமமா வாய்ப்பு கொடுத்துடும். நாலு வகைன்னா ஆளுக்கு கால் பங்கு. காசு, பகடை, லேப் எக்சாம் எல்லாத்துலயும் அப்படித்தான் பழகியிருந்தோம். ரேண்டம்னாலே சமம்னு எனக்குள்ள ஒரு நினைப்பு ஊறிப்போச்சு போல.

அம்மாவுக்கு அந்த நினைப்பு கிடையாது. அவங்க தாயம் ஆடி வளர்ந்தவங்க. மறுநாள் காலைல நான் புலம்பினதைக் கேட்டுட்டு, "தாயக்கட்டைல எல்லாம் ஒரே மாதிரியா உழுது? மூணு சும்மா சும்மா உழும். பன்னெண்டுக்குத் தவம் கெடக்கணும்"னாங்க. சொல்லிட்டு மீன் கூடையை எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பித்தளைத் தாயக்கட்டை ரெண்டு. ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம்: ஒண்ணு, ரெண்டு, மூணு, வெறுமை. ரெண்டையும் சேர்த்து உருட்டினா மொத்தம் 16 விதமா விழலாம். கூட்டி மூணு வரணும்னா நாலு வழி இருக்கு. தாயம், அதாவது ஒண்ணு, வரணும்னா ரெண்டு வழி. பன்னெண்டு வரணும்னா ரெண்டு கட்டையும் வெறுமையா விழணும், அதுக்கு ஒரே வழி. அதனால மூணு 16ல நாலு, தாயம் 16ல ரெண்டு, பன்னெண்டு 16ல ஒண்ணு. ஒவ்வொரு கட்டையும் எந்தப் பக்கத்துக்கும் ஓரவஞ்சனை பண்ணல. ஆனாலும் ஆட்டத்துல விழற எண்களுக்கு எடை வேற வேற. கட்டை கிடைக்காதப்போ எங்க ஆயா புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்ச்சு வெள்ளையாக்கி உருட்டுவாங்களாம். அதுல வெள்ளை எவ்வளவு வரும், கறுப்பு எவ்வளவு வரும்னு சொல்ல எந்தச் சூத்திரமும் கிடையாது. உருட்டி எண்ணிப் பார்த்தாதான் தெரியும்.

எங்க போட்டு விஷயமும் அந்தப் புளியங்கொட்டைதான். அம்மாவோட டைரிதான் எண்ணிப் பார்த்த கணக்கு. 200 நாள்ல வெறும் வலை 60, சுமார் 80, நல்ல பாடு 50, லாட்டரி 10.

சாம்பிள் ஃபங்ஷன்ல இதுக்கு 'ப்ராப்'னு ஒரு இடம் இருக்கு. பட்டியல்ல இருக்கற வரிசையிலயே எடைகளைக் கொடுக்கணும். 0.30, 0.40, 0.25, 0.05ன்னு கொடுக்கலாம். இல்லைன்னா நேரா 60, 80, 50, 10ன்னே கொடுக்கலாம். கூட்டினா ஒண்ணு வரணும்னு அவசியமில்ல, ஆரே சரிபண்ணிக்கும். இது தெரியாம நான் லேப்ல எத்தனை தடவை கால்குலேட்டரைத் தட்டியிருக்கேன்!

உள்ளே நடக்கறது ரொம்ப சிம்பிள். ஒரு மீட்டர் கயிறுன்னு வச்சுக்கங்க. முதல் 40 சென்டிமீட்டர் சுமார், அடுத்த 30 வெறும் வலை, அடுத்த 25 நல்ல பாடு, கடைசி 5 லாட்டரி. கண்ணை மூடிக்கிட்டு கயித்துல எங்கயாவது ஒரு இடத்துல விரல் வைக்கறோம். விரல் எந்தத் துண்டுல இருக்கோ அதுதான் இன்னைக்கு. பெரிய துண்டுல முதல்ல தேடினா சீக்கிரம் கிடைக்கும்னு ஆர் எடைகளைப் பெரிசுல இருந்து சின்னதா அடுக்கிக்கும்.

கம்ப்யூட்டர் இல்லாமலும் இதைச் செஞ்சிருக்காங்க. கொல்கத்தாவுல இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துல இருந்த டி. பி. லாஹிரி 1951ல ஒரு வழி சொன்னார். கூட்டல்கூட வேண்டாம். என் கணக்குக்கு அதைப் பொருத்தினா இப்படி: ஒண்ணுல இருந்து நாலு வரை ஒரு எண் எடு, அது எந்த வகைன்னு சொல்லும். ஒண்ணுல இருந்து 80 வரை இன்னொரு எண் எடு, ஏன்னா அதிகபட்ச எடை 80. ரெண்டாவது எண் அந்த வகையோட எடைக்குள்ள இருந்தா வச்சுக்கோ, இல்லைன்னா ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடு. சுமார் வந்தா எப்பவும் பாஸ். லாட்டரி வந்தா எட்டுல ஒரு தடவைதான் பாஸ். நாடு முழுக்க சர்வே எடுக்கப் பெரிய ஊரை அடிக்கடி, சின்ன ஊரை எப்பவாவதுன்னு தேர்ந்தெடுக்க இந்த மாதிரி முறைதான் தேவைப்பட்டுச்சு. நான் துண்டுச் சீட்டு எழுதி இருபது தடவை செஞ்சு பார்த்தேன். அம்மாவுக்கு கம்ப்யூட்டரைவிட அந்தத் துண்டுச் சீட்டு மேலதான் நம்பிக்கை வந்துச்சு.

இனிமே எழுதப்போறது கொஞ்சம் வெட்கமான பகுதி.

எனக்கு அந்த போட்டு வேண்டாம்னு இருந்துச்சு. காரணம் கடல் இல்ல, நான்தான். அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட். வேலை கிடைச்சு முதல் சம்பளம் வர்றப்போ வாசல்ல தண்டல்காரர் நிக்கறது மாதிரி ஒரு படம் மனசுல ஓடிட்டே இருந்துச்சு. அதை வாயைத் திறந்து சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல. என்னைப் படிக்க வச்சதே அந்தக் கடல் காசுதான்.

அதனால என்ன பண்ணினேன்னா, எடையை மாத்தினேன். வெறும் வலை 60ங்கறதை 70 ஆக்கினேன். நல்ல பாடு 50ஐ 43 ஆக்கினேன். லாட்டரி 10ஐ 7 ஆக்கினேன். மொத்தம் 200 சரியா வந்துச்சு. "சித்தப்பா நல்ல நாளைக் கொஞ்சம் ஏத்திச் சொல்லியிருப்பார்"னு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். 250 நாளை ஒரு ஆட்டம்னு வச்சு, பத்தாயிரம் ஆட்டம் ஓடவிட்டேன். கையிருப்பு எந்த நாளாவது பூஜ்யத்துக்குக் கீழ போனா அந்த ஆட்டம் மூழ்கினதா கணக்கு. ஏன்னா தண்டல்காரர் "அடுத்த வாரம் நல்ல பாடு வரும்"னு காத்திருக்க மாட்டார். பத்துல ஏழுக்கும் மேல மூழ்குச்சு.

ஸ்க்ரீனை அம்மாகிட்ட காட்டினேன். கிராஃப், சிவப்புக் கோடு எல்லாம் போட்டு அழகா வச்சிருந்தேன். அம்மா கிராஃபைப் பார்க்கவே இல்ல. மேல இருந்த நம்பரைப் பார்த்தாங்க. "வெறும் வலை எழுபதா? நான் எழுதனது அறுபதாச்சே"ன்னாங்க. டைரியை எடுத்துப் பக்கம் பக்கமா விரல் வச்சு எண்ணினாங்க. எனக்குக் காது சூடாச்சு. அறுபதுதான்.

"தப்பா டைப் பண்ணிட்டேன்"னு சொன்னேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "பயமா கீதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் ஆமான்னேன். அப்புறம் ரெண்டு பேரும் எதுவும் பேசல.

காலேஜ்ல எங்களுக்கு 'செட்.சீட்'னு ஒண்ணு சொல்லித் தருவாங்க. ஒரு எண்ணைக் கொடுத்துட்டா ஒவ்வொரு தடவையும் அதே வரிசைல ரேண்டம் நம்பர் வரும், அப்போ யார் ஓடவிட்டாலும் அதே ரிசல்ட் கிடைக்கும், ஏமாத்த முடியாதுன்னு. நான் சீடைத் தொடவே இல்ல. ஏமாத்தறதுக்கு அது தேவைப்படல. எடை எழுதற இடத்துல ரெண்டு மூணு நம்பரை மாத்தினேன், அவ்வளவுதான். ஆர் எனக்கு விசுவாசமா, நான் கேட்ட பயத்தைப் பத்தாயிரம் தடவை ஓட்டிக் காட்டுச்சு.

மறுபடி 60, 80, 50, 10 போட்டு ஓடவிட்டேன். இப்போ சராசரி என்னன்னா, தண்டல் கட்டினது போக நாளைக்கு 250 ரூபாய் மிச்சம். பேப்பர்ல பார்த்தா நல்ல பிசினஸ். ஆனா பத்தாயிரம் ஆட்டத்துல ஏறக்குறைய மூணுல ஒண்ணு மூழ்குச்சு. முதல்ல எனக்கே புரியல. சராசரி லாபம்னா எப்படி மூழ்கும்? அப்புறம் மூழ்கின ஆட்டங்களை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் முதல் ரெண்டு மாசத்துலயே கதை முடிஞ்சிருந்துச்சு. அந்த 250 ரூபாய் சராசரியில பெரும்பகுதி லாட்டரி நாள்ல இருந்துதான் வருது. லாட்டரி இருபது நாளைக்கு ஒண்ணு. வெறும் வலை மூணு நாலு நாளைக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் தண்டலோட சேர்த்து 2,000 ரூபாயைத் தின்னுது. கையில இருக்கறதோ 10,000. லாட்டரி வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கணும். சிலருக்கு அது பத்தாவது நாளே வருது, சிலருக்கு நாப்பது நாள் ஆகியும் வரல.

இந்தத் தடவை மூணு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நைனா ரொம்ப நேரம் ஸ்க்ரீனையே பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி பாப்பா. கடலுக்குப் போவாத நாளை எங்க எழுதிக்கீற?"

எழுதல. டைரியில கடலுக்குப் போன நாளுக்குத்தான் கணக்கு இருந்துச்சு. போகாத நாள் வெறும் தேதி. நான் அதையெல்லாம் தாண்டிட்டு 200 வரியை மட்டும் எடுத்திருந்தேன். ஆனா தண்டல்காரர் போகாத நாளும் வருவார்.

திரும்ப எண்ணினோம். 250 நாள்ல 50 நாள் போகல. காத்து, இன்ஜின் ரிப்பேர், குப்பத்துல சாவு, திருவிழான்னு கொஞ்சம். பாதிக்குப் பக்கம் ஒரே மாசம்: 2023 டிசம்பர். அந்த மாச முதல் வாரத்துல மிக்ஜாம் புயல். உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், செமஸ்டர் எக்சாம் தள்ளிப்போச்சுன்னு சந்தோஷப்பட்டிருப்பீங்க. எண்ணூர்ல அந்த வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து கழிமுகத்துக்கு வந்துச்சு. சித்தப்பாவோட போட்டு, வலை, கயிறு எல்லாம் கறுப்பு. வலையைத் தூக்கினா கையில ஒட்டுது. குப்பத்து ஆளுங்க பக்கெட்டால எண்ணெய் அள்ளினாங்க. எனக்கு அதைப் பார்த்தப்போ ஏழாவது படிக்கும்போது நடந்தது ஞாபகம் வந்துச்சு. 2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதினப்பவும் இதே பக்கெட்தான். டைரியில அந்த டிசம்பர் பக்கங்கள்ல அம்மா ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாங்க: 'எண்ணெய்'. அதுக்குக் கீழ தேதிகள் மட்டும் வரிசையா.

அஞ்சாவது வகையைச் சேர்த்தேன்: 'போகல', எடை 50. வரவு பூஜ்யம், தண்டல் 500. இப்போ எடைகள் 60, 80, 50, 10, 50. சராசரி நாளைக்கு 250ல இருந்து 100க்கு இறங்குச்சு. இன்னும் லாபம்தான். ஆனா மூழ்கின ஆட்டம் பாதியைத் தாண்டிடுச்சு.

அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. சாம்பிள் ஃபங்ஷன் ஒவ்வொரு நாளையும் தனித்தனியா எடுக்கும். நேத்து என்ன ஆச்சுன்னு அதுக்கு ஞாபகம் கிடையாது. 'போகல'ங்கற நாளை 250 நாள்ல அங்கொண்ணு இங்கொண்ணா தூவிடும். நிஜத்துல அது டிசம்பர் மாதிரி கூட்டமா வரும். நைனா பாஷைல சொன்னா, "கெட்ட நாள் தனியா வராது, சொந்தக்காரங்களைக் கூட்டினு வரும்." அதையும் சேர்த்தா நிலைமை இன்னும் மோசமாத்தான் ஆகும்.

கடைசியா ஒண்ணு மாத்திப் பார்த்தேன். எடை அப்படியே இருக்கட்டும், கையிருப்பு 10,000க்குப் பதிலா 30,000 இருந்தா? மூழ்கறது ஆறு ஏழுல ஒண்ணா குறைஞ்சுது. அதே கடல், அதே போட்டு, அதே வலை. வெறும் வலை வர்ற நாளைத் தாங்கக் கையில கொஞ்சம் துட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அதைப் பார்த்ததும் கோபமா வந்துச்சு. அதிர்ஷ்டம்னு நாம சொல்றதுல எவ்வளவு பாகம் முதல்ல கையில இருக்கற காசுன்னு யாரும் எனக்குச் சொல்லித் தரல. கன்டெய்னர் லாரி வரிசைல எண்ணூர் விரைவுச் சாலையில காலேஜ் பஸ் நின்ன ஒவ்வொரு நாளும் நான் அதை யோசிச்சேன்.

நைனா ரெண்டு நாள் எதுவும் சொல்லல. மூணாவது நாள், "முப்பதாயிரம் சேர்த்துக்கலாம், அப்பால பாத்துக்கலாம்"னாரு. ஜூன் 15 லாஞ்சுல ஏறிப் போயிட்டார். முட்டிக்குத் துணி சுத்திக்கிட்டு.

இங்கயே நிறுத்தினா இது ஒரு மோட்டிவேஷன் கட்டுரை ஆகியிருக்கும். அந்த போட்டை வேற ஒருத்தர் வாங்கினார். அவரும் கடன் வாங்கித்தான் வாங்கினார். அவர் கையிருப்பு எங்களைவிட அதிகம்னு நான் நினைக்கல. வாங்கின முதல் மாசத்துலயே அவருக்கு ரெண்டு லாட்டரி நாள். போட்டுக்குப் புதுசா நீலப் பெயின்ட் அடிச்சு மாலை போட்டாங்க. நைனா கரைக்கு வந்த அன்னைக்கு அதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவர் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தாகூட நல்லா இருந்திருக்கும்.

என் கணக்கு தப்பான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வேன். மூழ்காத ஆட்டங்களும் ஆயிரக்கணக்குல இருந்துச்சே, அதுல ஒண்ணு அவருக்கு வந்துச்சு. இதை நான் வைவாவுல சொன்னா ஃபுல் மார்க் கிடைக்கும். ஆனா எனக்கு ராத்திரில தூக்கம் வரல. கம்ப்யூட்டர் பத்தாயிரம் வருஷம் வாழ்ந்து பார்த்துட்டு சராசரி சொல்லும். நைனாவுக்கு இருக்கறது ஒரே ஆட்டம். அதுல லாட்டரி நாள் வந்திருக்குமான்னு எந்தச் சீடும் சொல்லாது. அந்த ஒரு ஆட்டத்தை ஆட வேண்டாம்னு சொன்னதுல என் பங்கு இருக்கு. அதுக்கு முன்னாடி நான் 60ஐ 70ன்னு எழுதின கையும் இதே கைதான்.

அதனால ஜூனியருக்கு நான் சொல்ல நினைக்கறது இதுதான். ரீப்ளேஸ், ப்ராப், சீட் எல்லாம் அரைமணி நேரத்துல கத்துக்கலாம். எடையை எங்க இருந்து எடுத்தேன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியணும். டைரியில இருந்து எடுத்தேனா, பயத்துல இருந்து எடுத்தேனா, ஆசையில இருந்து எடுத்தேனான்னு. அப்புறம் அந்த டைரியில எழுதாம விட்ட நாள் எதுன்னும் கேக்கணும். இந்த ரெண்டு கேள்வியும் எனக்குக் கேட்டது எட்டாவது படிச்ச அம்மாவும் லாஞ்சுல போற நைனாவும். லேப் ரெக்கார்டுல இது எதுக்கும் காலம் கிடையாது.

இப்போ அம்மா டைரியில புதுசா ரெண்டு காலம் போட்டிருக்காங்க. ஒண்ணு 'போகல'. சித்தப்பா போகாத நாளும் போன் பண்ணணும்னு கண்டிஷன். காரணத்தோட எழுதறாங்க. காத்து, கல்யாணம், இன்ஜின், "சும்மா, சோம்பேறித்தனம்." இன்னொரு காலம் எங்க வீட்டுக் கையிருப்பு. போன வாரம் பார்த்தப்போ 21,500. நேத்து ராத்திரி நைனா படுத்துக்கிட்டே, "பாப்பா, இருபத்தஞ்சு இருந்தா எத்தினிக்கு ஒண்ணு முழுகும்?"னு கேட்டார்.

லேப்டாப்பைத் திறந்தேன். அம்மா டைரியை எடுத்துட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க. இந்தத் தடவை எடையை அவங்கதான் வாசிச்சாங்க, நான் டைப் பண்ணினேன்.